பிரேக்கில் ஏர் எடுக்க: பெடலா, வேக்கும் பம்பா?

வீட்டிலேயே காரின் பிரேக் ஆயிலை மாற்றி ஏர் எடுக்க, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூடுவது பழைய வழி. கையால் அடிக்கும் வேக்கும் பம்பை நிப்பிளில் மாட்டி, தனியாளாக உறிஞ்சி எடுப்பது இன்னொன்று. பம்ப் என்னிடமும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் பழைய வேகன்-ஆருக்கு இப்போது பெடல் முறைதான். மிதிப்பது என் மகள்.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பானட்டுக்கு அடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எந்த ஆயில் வகை போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். சீல் உடைத்து நாள்பட்ட பாட்டில் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெடலை மிதித்தால் ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் ஊர் வண்டிகளில் அது இடது பின் சக்கரம். சில வண்டிகளுக்கு வரிசை மாறும், மேனுவலைப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எந்த வழியானாலும் இவையெல்லாம் ஒன்றுதான்.

வித்தியாசம், நிப்பிளில் மாட்டும் உள்ளே தெரிகிற டியூபில் வரும் குமிழியில் இருக்கிறது. ஏர் எடுத்து முடிந்ததா என்று நமக்குச் சொல்வது அது ஒன்றுதான். வேக்கும் பம்ப் உறிஞ்சும்போது, தளர்த்திய நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே வருகிறது. விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது மாதிரி. லைனில் காற்றே இல்லாவிட்டாலும் டியூபில் பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருக்கும். அது லைனுக்குள்ளிருந்து வந்ததா, மரை வழியாக வந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மரையைச் சுற்றி கிரீஸ் தடவினால் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. கடைசியில் ஒரு உத்தேசமாகத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. பிரேக் விஷயத்தில் உத்தேசம் எனக்குச் சரிப்படவில்லை.

பெடல் முறையில் ஆயில் உள்ளிருந்து அழுத்தத்தோடு வருகிறது. மரையில் கசிந்தாலும் வெளியேதான் கசியும், காற்று உள்ளே வராது. அதனால் டியூபில் ஒரு குமிழி தெரிந்தால் அது லைனுக்குள் இருந்த குமிழி என்று நம்பலாம். டியூபின் மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது இப்படி. மகள் இரண்டு மூன்று தடவை மெதுவாக மிதித்துவிட்டு அழுத்திப் பிடிப்பாள். “பிடிச்சிருக்கேன்ப்பா” என்று குரல் வந்ததும் ரிங் ஸ்பானரால் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். பழுப்பு நிற ஆயில் டியூபில் பாயும், பெடல் கீழே இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் “விடு” என்பேன். அதற்கு முன்னால் அவள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அந்தப் பேச்சு ஒழுங்கில்தான் முழு வேலையும் இருக்கிறது. குமிழி நின்று, புது ஆயிலின் வெளிர் நிறம் வரும்வரை இதேதான். இடையிடையே டப்பாவில் ஆயிலை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், மலை இறங்கும் வண்டிக்கு வேண்டும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரை விட்டுவிட்டு பிரேக்கிலேயே இறங்கினால் சூடு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை தட்டும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது.

பெடல் முறைக்கும் ஒரு குறை உண்டு. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாகப் போகாத அழுக்குப் பகுதிக்கு சீல் போய் உரசிக் கிழியலாம். அதனால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுகிறேன். வேக்கும் பம்பில் இந்தக் கவலை கிடையாது. துணைக்கு ஆள் இல்லாதவருக்கும், டப்பாவிலுள்ள பழைய ஆயிலை முதலில் உறிஞ்சி எடுக்கவும் பம்ப் நல்லது. நானும் இப்போது அதற்குத்தான் பம்பை வைத்திருக்கிறேன்.

பம்பிலேயே முடிக்கிறவர்களும் கடைசியில் ஒரு ஆளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு தடவை பெடல் முறையில் பார்த்துவிடுங்கள். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பெடலை அழுத்திப் பிடியுங்கள். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதால் முதலில் கொஞ்சம் இறங்கும், அது சரி. இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள்.

டப்பாவின் பக்கமிருந்து காற்றழுத்தம் கொடுத்துத் தள்ளும் பிரஷர் பிளீடரை நான் பயன்படுத்தியதில்லை. உள்ளிருந்து தள்ளும் முறை என்பதால் குமிழி விஷயத்தில் அது பெடல் பக்கம்தான் சேரும், டப்பா வாய்க்குப் பொருந்தும் மூடி கிடைக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் என் அனுபவம் குறைவு. சாதாரணமாக ஆயில் மாற்ற இதே முறை போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டப்பா வறண்டு ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், பல வண்டிகளில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணையும் ஸ்கேனரை மாட்டி அந்த யூனிட்டின் வால்வுகளை இயக்கித்தான் அதை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், ஓட்டிக்கொண்டு போகாமல் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.