பெட்டியில் 20×80 என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்

ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை இது. பெரிய பைனாகுலர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

ராத்திரி நட்சத்திரம் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போக, இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று நினைத்தேன். சென்னையில் ஒரு கடையில் 20×80 எடுத்துக் கொடுத்தார்கள். 20 மடங்கு பெரிதாகக் காட்டும், முகப்பு லென்ஸ் 80 மி.மீ. என்று கணக்கு. லென்ஸ் செக்கச்செவேலென்று மின்னியது. "ரூபி கோட்டிங் சார், நைட்லகூட சூப்பரா தெரியும்" என்றார் கடைக்காரர். எதிர்க்கடை போர்டைப் பார்த்தேன், பெரிதாகத் தெரிந்தது, வாங்கிவிட்டேன். பட்டப்பகலில் எந்தக் குப்பையும் நன்றாகத்தான் தெரியும்; அது அப்போது உறைக்கவில்லை.

ஜனவரியில் ஜவ்வாது மலைக்குப் போனோம். காவலூர் வான் ஆய்வகம் இருக்கிற மலை, நல்ல இருட்டு. வியாழனைப் பார்த்தால் இரண்டு வியாழன்! ஒரு கண்ணை மூடினால் ஒன்று, திறந்தால் மறுபடி இரட்டை. குழல் இரண்டும் ஒரே திசையில் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் தலைவலி. கனமோ இரண்டு கிலோ. கை நடுக்கத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் புழுவாக நெளிந்தது.

வேடந்தாங்கலில் இன்னும் மோசம். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். நண்பரின் 8×42-ல் அந்தச் சந்து வழியாகப் பின்னால் இருந்த இலைகூடத் தெரிந்தது. என்னுடையதில் ஒரே மங்கல், வெள்ளை இறகெல்லாம் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது.

அந்த நண்பர் சொல்லித்தான் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். தூரத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு, கண் வைக்கும் பக்கம் ஒரு சாண் தள்ளி செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். முகப்பு லென்ஸ் வழியாக வந்த வெளிச்ச வட்டத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து ஸ்கேலால் அளந்தேன். 58 மி.மீ.! லென்ஸ் என்னவோ 80தான். உள்ளே ஒரு வளையமும் சின்ன பிரிசமும் ஓரத்து வெளிச்சத்தை அடைத்துவிடுகின்றன. பரப்பில் கணக்குப் போட்டால் காசு கொடுத்த வெளிச்சத்தில் பாதிதான் கண்ணுக்கு வருகிறது.

திருப்பிக் கொண்டுபோனால், "கண்ணு பழகணும் சார்." அப்புறம், "சீல் உடைச்சாச்சு, மாத்த முடியாது." பில்லை எடுத்துப் பார்த்தால் 'பைனாகுலர் - 1' என்று மட்டும் இருக்கிறது, மாடல் இல்லை. இது என் தப்பு. மாடலும் அளவும் எழுதாத பில்லை வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

கையில் பிடித்தே பார்க்க வேண்டுமா, 10×50-க்கு மேல் போகாதீர்கள். 15×70 என்றால் ட்ரைபாட் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேலும் வெள்ளைத் தாளும் கொண்டுபோங்கள். டார்ச் அடித்துப் பார்க்கக் கூடாது என்றால், சரி என்று வெளியே வந்துவிடுங்கள்.

புகார் இன்னும் நிலுவையில்தான். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கண்ணாடி அலமாரியில் அதே உடம்பு, அதே சிவப்பு லென்ஸ். ஸ்டிக்கர் மட்டும் 30×100.