டப்பா டிவியை யாரிடம் தள்ளுவது?

மாடிப்படிக்குக் கீழே வருடக்கணக்கில் கிடந்த 21 அங்குல டப்பா டிவியைப் போன மாதம் ஒருவழியாக வீட்டை விட்டு அனுப்பினேன். காயலான் கடை, ஷோரூம் எக்ஸ்சேஞ்ச், அனுமதி பெற்ற இ-கழிவு மறுசுழற்சி நிலையம் என்று மூன்று வழி இருந்தது. மூன்றாவதில் போனேன். ஆட்டோவுக்கு 250 ரூபாய் செலவு, வரவு ஒன்றுமில்லை. இருந்தாலும் அதுவே சரி என்பேன்.

எக்ஸ்சேஞ்ச் புது டிவி வாங்குகிறவர்களுக்குத்தான். நான் கேட்ட கடையில் பழையது ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்றார்கள். கழிக்கிற தொகையும் கொஞ்சம் அழுத்திப் பேரம் பேசினால் கிடைத்துவிடுகிற அளவுதான்.

காயலான் கடைக்காரர் வாசலுக்கே வந்தார். 150 ரூபாய் தருவதாகச் சொல்லிப் பின்மூடியைக் கழற்றினார். படம் தெரிகிற கண்ணாடி டியூபின் கழுத்தில் சுற்றியிருந்த செம்புக் காயிலை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "காயிலும் போர்டும் போதும்ணே, டியூபை நீங்களே வச்சுக்கங்க" என்றார். எனக்கு உறுத்தியது அங்கேதான்.

டப்பா டிவியின் எடையில் பாதிக்கு மேல் அந்த டியூப்தான். முன்பக்கக் கண்ணாடியில் அவ்வளவு வில்லங்கம் இல்லை. பின்னால் புனல் மாதிரி குறுகுகிற கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஈய ஆக்சைடு இருக்கும். எக்ஸ்-கதிர் வெளியே வராமல் தடுக்கச் சேர்த்தது. முன்பெல்லாம் இந்தக் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். இன்று டியூப் டிவியே தயாரிப்பதில்லை என்பதால் அதற்குக் கிராக்கி போய்விட்டது. செம்புக்கு விலை உண்டு, போர்டில் இருக்கும் துளித் தங்கத்துக்கும் வெள்ளீயத்துக்கும் விலை உண்டு. காசு பெறாத டியூப் மட்டும் உடைபட்டு ஏதாவது குளத்தங்கரையில் கிடக்கும். அப்புறம் வயரை எரித்துச் செம்பு எடுக்கிற புகை வேறு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. டியூபைச் சுமந்து போனால் அவருக்கு நஷ்டம்.

அனுமதி பெற்ற நிலையத்தில் முன்கண்ணாடியையும் புனலையும் சூடான கம்பியாலோ வைர ரம்பத்தாலோ தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். திரை ஒளிர்வதற்காக உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் பொடியைக் காற்றில் பறக்கவிடாமல் உறிஞ்சி எடுக்கிறார்கள். ஈயக் கண்ணாடி உருக்காலைக்கோ பாதுகாப்பான கிடங்குக்கோ போகும். எனக்குக் கையில் ஒரு ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 'மறுசுழற்சி' என்று போர்டு மாட்டிய எல்லாரும் இதைச் செய்வதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். "டியூபை என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் காயலான் கடைக்காரரே மேல். அவராவது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

எல்சிடி டிவியை இப்படிக் கொடுத்த அனுபவம் எனக்கில்லை. பழைய எல்சிடிகளின் பின்விளக்குக் குழலில் பாதரசம் உண்டு என்பதால், அதையும் உடைக்காமல் கொடுப்பதே நல்லது.

ஊரில் அம்மாவிடம் 2006 தேர்தல் வாக்குறுதியில் வந்த 14 அங்குல இலவசக் கலர் டிவி இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் மாட்டி இன்னும் சீரியல் பார்க்கிறார். அதன் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு.