கடலையில் பூஞ்சணம், பாலில் நஞ்சு: ஈஸ்ட் எங்கே கை கொடுக்கும்?

ஒரு நிலக்கடலையை உடைத்துப் பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். சில நேரம் மேல்தோல் பளிச்சென்று இருக்கும். உள்ளே இரண்டு பருப்புக்கும் நடுவில் மட்டும் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி ஒட்டியிருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூஞ்சணம் அது. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும் நஞ்சு. வறுத்தாலும் முழுக்கப் போகாது. எண்ணெய் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில், ஒரே நாளில் எம்1 என்ற வடிவத்தில் வந்து நிற்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நடத்திய ஆய்வில் 6,432 பால் மாதிரிகளில் 368, எம்1 வரம்பைத் தாண்டியிருந்தன. தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88 அப்படி.

இதற்கெல்லாம், ரொட்டியை உப்பவைக்கும் நுண்ணுயிர் வகையான ஈஸ்ட்தான் மருந்து என்கிற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கும் ஈஸ்ட் மீது பிரியம் உண்டு. ஆனால் எந்த இடத்தில், எதற்குப் போட்டியாக என்று கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

முதலில் களத்துமேடு. இங்கே ஈஸ்டுக்குப் போட்டி வெயில். பறித்த கடலையை நன்றாகக் காயப்போட்டு ஈரப்பதத்தை 8 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பூஞ்சணம் வளர முடியாது. காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலக்கும், அதுதான் பதம். ஈஸ்ட் இங்கே தோற்பதற்குக் காரணம் எளிது. பெரும்பாலான ஈஸ்டுகளுக்கு இந்தப் பூஞ்சணத்தைவிட அதிக ஈரம் வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த மூட்டையில் ஈஸ்ட் படுத்துவிடும், பூஞ்சணம் எழுந்து நடக்கும். அதனால் சேமிப்புக் கடலைக்கு ஈஸ்ட் வாங்கும் காசில் தார்ப்பாய் வாங்குங்கள் என்பேன்.

வெயில் காப்பாற்றாத இடமும் உண்டு. அறுவடைக்கு முந்தைய சில வாரங்கள் மழை பொய்த்து மண் சூடேறினால், காய் மண்ணுக்குள் இருக்கும்போதே பூஞ்சணம் ஏறிவிடும். அங்கே நஞ்சு சுரக்காத அதே இனப் பூஞ்சணத்தைத் தூவி, நஞ்சுள்ளதன் இடத்தைப் பிடிக்கச் செய்யும் முறை முன்னால் நிற்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பருத்திக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் அஃப்ளாசேஃப் என்ற பெயரில், அந்தப் பூஞ்சணத்தின் வித்து பூசிய சோளமணிகளாக எக்டேருக்கு 10 கிலோ இறைக்கிறார்கள். ஈஸ்டிலும் ஒரு நல்ல முயற்சி கலிஃபோர்னியாவில் நடந்தது. பிஸ்தா மரங்களில் பிச்சியா அனோமலா என்ற ஈஸ்டைத் தெளித்தார்கள். ரோஜாப்பூவின் மணத்தில் இருக்கும் ஃபீனைல் எத்தனாலை அது வெளியிடும்; அந்த ஆவி பட்டாலே பூஞ்சண வித்து முளைக்கத் தயங்கும். அழகான வழிதான். என்றாலும் மண்ணுக்குள் காய்க்கும் கடலைக்கு, மண்ணிலேயே வாழும் பூஞ்சணத்தைத்தான் நான் நம்புவேன்.

ஈஸ்ட் உண்மையிலேயே ராஜாவாக இருப்பது பழத்தில். ஆப்பிளில் காம்பு குத்திய சின்னக் காயம் போதும், பெனிசிலியம் எக்ஸ்பான்சம் நுழைந்து பழத்தை அழுகவைத்துப் பாட்டுலின் என்ற நஞ்சைச் சேர்க்கும். அந்தக் காயத்தில் சர்க்கரையும் ஈரமும் நிறைய, அதாவது ஈஸ்டுக்குப் பிடித்த வீடு. மெட்ச்னிகோவியா என்ற ஈஸ்ட் அங்கே முதலில் குடியேறினால் சத்தையெல்லாம் தின்றுவிடும், பூஞ்சணத்துக்கு வேண்டிய இரும்பையும் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத் தட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஈஸ்டைச் சுற்றி மெரூன் நிறத்தில் ஒரு வளையம், அதற்குள் பூஞ்சணம் கால் வைக்காது. இங்கே போட்டி ரசாயனப் பூஞ்சணக்கொல்லிகளோடு. அவை மலிவு, ஆனால் பூஞ்சணம் பழகிக்கொள்கிறது, பழத்தில் எச்சமும் தங்குகிறது. ஈஸ்டின் குறை, காயம் பட்ட உடனே போய்ச் சேர வேண்டும். உள்ளே வேர்விட்ட பூஞ்சணத்தை அது பிடுங்காது. அப்புறம், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்தால் சாதாரண ரொட்டி ஈஸ்டே பாட்டுலினை நச்சுக் குறைந்த பொருளாக மாற்றிவிடும்.

சரி, நஞ்சு ஏற்கெனவே தீவனத்தில் இருக்கிறது. இப்போது? கடைக்காரர் களிமண் பொடியையும் ஈஸ்ட் பொடியையும் 'நஞ்சு பிடிக்கும் பொடி' என்று ஒரே பெயரில் நீட்டுவார். ஆனால் இரண்டும் வேறு. அஃப்ளாடாக்ஸின் தட்டையான மூலக்கூறு, பென்டோனைட் களிமண்ணின் அடுக்குகளுக்கிடையே நழுவிப் போய் மாட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் இதற்கென்றே பென்டோனைட்டை அனுமதித்தது. ஈஸ்டின் செல்சுவரோ ஸியராலெனோன் போன்ற மற்ற நஞ்சுகளைத்தான் நன்றாகப் பற்றும். கறவை மாட்டுக்கு, அஃப்ளாடாக்ஸின் பயம் என்றால், களிமண்தான்.

பிடித்துவைக்காமல் உடைத்தே போடும் ஈஸ்டும் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கரையான் ஒன்றின் குடலிலிருந்து எடுத்த டிரைக்கோஸ்போரான் மைக்கோடாக்ஸினிவோரன்ஸ். ஓக்ராடாக்ஸின் என்ற இன்னொரு பூஞ்சண நஞ்சில் ஒட்டியிருக்கும் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத் துண்டை வெட்டிவிடும்; மிச்சம் அவ்வளவு விஷமில்லை. ஸியராலெனோனையும் சிதைக்கும். கோழி, பன்றித் தீவனத்துக்கு இது களிமண்ணைவிட மேல், ஏனென்றால் களிமண் இந்த இரண்டையும் சரியாகப் பிடிப்பதில்லை.

'ஈஸ்ட் போட்டால் நஞ்சு போய்விடும்' என்று பொதுவாகச் சொல்பவர்களுக்கு எத்தனால் ஆலையைக் காட்ட வேண்டும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை அங்கே ஈஸ்ட்தான் புளிக்கவைக்கிறது. மாவுச்சத்து சாராயமாகவும் வாயுவாகவும் போய், மூன்றில் ஒரு பங்கு சக்கை மிஞ்சும். அஃப்ளாடாக்ஸின் எங்கும் போகாது; சக்கையில் ஏறத்தாழ மூன்று மடங்கு செறிவாக நிற்கும். அந்தச் சக்கைதான் உலர்ந்து மாட்டுத் தீவனமாக வருகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டை இறக்குவதற்கு முன், அஃப்ளாடாக்ஸின் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.