திருகாணிப் பெட்டி: தடுப்பு வைத்ததா, டப்பா கழற்றுவதா?

எலக்ட்ரீஷியன், தச்சர், கணினி பழுது பார்ப்பவர் என வெளியிடங்களுக்குப் போய் வேலை செய்கிறவர்களிடம் திருகாணி, நட்டு, வாஷர், லக்கு (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), சாடில் (குழாயைச் சுவரோடு பிடித்துவைக்கும் கவ்வி) என்று சின்னச் சாமான்கள் எப்போதும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைக் கொண்டுசெல்லக் கிடைக்கும் பெட்டிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் அறைகள் பெட்டியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், அல்லது பள்ளங்களில் செருகும் தடுப்புகளால் அறைகள் பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வகையில் ஒவ்வோர் அறையும் தனியாகக் கையில் எடுக்கக்கூடிய ஒரு குட்டி டப்பா. இரண்டாவது வகைக்கு விலை நன்றாகவே கூடுதல் என்பதால், அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சாமானைப் பிரித்து வைப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வேலை நடக்கும் இடத்தில்தான் தெரிகிறது. ஏணி மேல் நின்று சாடில் அடிக்கிறவர், தடுப்புப் பெட்டி வைத்திருந்தால், ஒரு கைப்பிடித் திருகாணியை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறார். மாலையில் பையில் மிஞ்சியவை வேறு அளவுத் திருகாணிகளோடும் பிளாஸ்டிக் கட்டைகளோடும் கலந்து, ஏதோ ஓர் அறையில் கொட்டப்படுகின்றன. ஒழுங்காக அடுக்கிய பெட்டி சில வாரங்களில் குப்பைக்கூடை ஆவதற்கு இந்தச் சட்டைப்பைதான் காரணம். டப்பா கழற்றும் பெட்டியில் டப்பாவே ஏணி ஏறி, மிச்சத்தோடு தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

கலந்துபோவதால் நேரம் மட்டும் வீணாவதில்லை. கணினியில் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 6-32 என்ற அங்குல அளவுத் திருகாணியும், 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு எம்3 என்ற மெட்ரிக் திருகாணியும் வேண்டும். முன்னதன் விட்டம் ஏறத்தாழ 3.5 மி.மீ., மரை இடைவெளி 0.79 மி.மீ.; பின்னதற்கு அவை 3 மி.மீ., 0.5 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால், அவசரத்தில் தப்பானதை எடுத்து வலுக்கட்டாயமாக முறுக்கினால் எஸ்எஸ்டியின் மெல்லிய கூட்டில் உள்ள மரை அப்போதே போய்விடும். இந்த இரண்டையும் எந்தப் பெட்டியானாலும் அடுத்தடுத்த அறைகளில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் டப்பா கழற்றும் பெட்டிகளில் ஒரு பலவீனம் உண்டு, விளம்பரப் படங்களில் அது தெரியாது. பெட்டியைக் கைப்பிடியில் தூக்கினால் அது செங்குத்தாக நிற்கிறது. அப்போது உள்ளே இருப்பவை அடுத்த டப்பாவுக்குத் தாவாமல் தடுப்பது மூடி மட்டுமே. மூடியின் உட்புறம் ஒவ்வொரு டப்பாவின் விளிம்பிலும் அழுந்த உட்கார வேண்டும். எம்3 வாஷரின் தடிமன் 0.5 மி.மீ.தான் என்பதால், அதைவிடச் சற்றே அதிக இடைவெளி இருந்தாலும் அது வழுக்கிப் போய்விடும். கடையில் வாங்கும்போதே சில வாஷர்களை நடு டப்பா ஒன்றில் போட்டு, மூடி, செங்குத்தாகப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்கித் திறந்து பாருங்கள். மலிவான பெட்டிகளில் ஓரத்து டப்பாக்கள் இந்தச் சோதனையைத் தாங்கினாலும், நடுவில் மூடி மேல்நோக்கி வளைவதால் நடு டப்பாக்கள் தோற்றுவிடும். அதனால் கையில் பணம் குறைவென்றால், அடியிலும் பக்கத்திலும் இடைவெளியே இல்லாத, ஒரே வார்ப்பாக வந்த நிலையான அறைப் பெட்டியே மலிவான டப்பாப் பெட்டியைவிட நம்பகமானது. செருகும் தடுப்புகளில் அடியிடுக்கு வழியாகவும் வாஷர் போகும். நீளமான போல்ட்டுகளுக்காக இரண்டு மூன்று அறைகளை ஒன்றாக்க வேண்டியவருக்குத்தான் அவை பயன்படும்.

நல்ல பெட்டிகளுக்குள்ளும் தேர்வு இருக்கிறது. ஸ்டான்லியின் 25 டப்பாப் பெட்டி ஆழம் குறைந்தது. எலக்ட்ரானிக்ஸ், கணினி வேலை போலப் பல அளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் வைப்பவருக்கு அது ஏற்றது. மில்வாக்கி நிறுவனத்தின் பேக்அவுட் வரிசையில் முழு அளவுப் பெட்டிக்கு 10 டப்பா, சிறியதற்கு 5. ஐபி65 தரம் பெற்றவை என்பதால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும்; ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும். தூத்துக்குடி, சென்னை போன்ற கடலோர ஊர்களில் திருகாணி துருப்பிடிக்கும் கவலைக்கு ரப்பர் பட்டை வைத்த மூடி ஓரளவு உதவும். ஆனால் ஈரக்காற்றோடு சேர்த்து மூடினால் ஈரமும் உள்ளேயே அடைபடும் என்பதால், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு வைப்பது அவசியம். ஆழமான பெட்டி வாங்குகிறவர் கனத்தையும் யோசிக்க வேண்டும். எஃகு தண்ணீரைவிட ஏறத்தாழ 7.85 மடங்கு கனம். பாதி இடம் காற்று என்றே வைத்தாலும் ஒரு லிட்டர் டப்பா நிறையத் திருகாணி 4 கிலோவை நெருங்கும்.

தெளிவான மூடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட். அடி விழுந்தாலும் எளிதில் உடையாது, ஆனால் திருகாணி கழலாமல் இருக்கப் போடும் மரைப்பசை பட்டால் அதில் விரிசல் விழும். அந்தக் குப்பியை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இவை எதுவுமே கட்டாயமில்லை. அவருக்கு இழுப்பறைதான் வசதி. 3டி பிரிண்டர் இருந்தால் 2022இல் ஜாக் ஃப்ரீட்மன் வெளியிட்ட கிரிட்ஃபினிட்டி முறையில் 42 மி.மீ. சதுரக் கணக்கில் வேண்டிய அளவு டப்பாக்களைத் தானே அச்சிட்டு இழுப்பறையில் அடுக்கலாம். மூடியில்லாமல் திறந்த நிலையில் அடுக்குவதற்கே அது முதலில் வடிவமைக்கப்பட்டதால், தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வெளிவேலைக்குப் போகிறவர் டப்பா கழற்றும் பெட்டியையே வாங்கட்டும், ஆனால் அதே அளவு டப்பா உதிரியாகத் தனியே கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும். ஏணியிலிருந்து விழுந்து உடைவதும் வேலையிடத்தில் மறந்து விட்டுவருவதும் டப்பாக்கள்தான். ஒன்று போனாலும் அந்த இடம் பள்ளமாகி, பக்கத்து டப்பாக்கள் நகர்ந்து ஆடத் தொடங்கும். உதிரி கிடைக்காவிட்டால் அதே பெட்டியை இரண்டாக வாங்கி, இரண்டாவதிலிருந்து டப்பாக்களை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். விலையை அப்படி இரண்டு மடங்காகக் கணக்கிட்ட பிறகே நிலையான அறைப் பெட்டியோடு ஒப்பிட வேண்டும்.