'சம்மர் டயர்'னு சொல்லி அஞ்சு வருஷப் பழசைத் தலையில கட்டின கதை

எஸ்யூவிக்கு டயர் மாத்தப் போறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. கடை பேரைச் சொல்ல மாட்டேன். சேலத்துல பைபாஸ் ஓரமா, கண்ணாடிக் கதவு, ஏசி ரூம், பில்டர் காபி எல்லாம் வச்ச பெரிய கடை. அந்த காபிக்கு நான் கொடுத்த விலை 51,200 ரூபாய்.

2024 ஏப்ரல். என்னுது டாடா ஹாரியர், 2021-ல எடுத்தது. கம்பெனி டயர் 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. ரோட்டைத் தொடற ரப்பர் கட்டை, அதான் பட்டன், தேஞ்சு, பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்குமே, அதோட மட்டமாயிருச்சு. அந்த மேட்டோட உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அதுக்கும் கீழ தேஞ்ச டயரை ஓட்டறது சட்டப்படியே தப்பு. மொட்டையாகறதுக்கு முன்னாடி மாத்திடலாம்னு நல்ல புத்தியோடதான் போனேன்.

கடைப் பையன் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "சார், இவ்வளவு பெரிய வண்டிக்குச் சாதா டயர் போடாதீங்க. இந்த வெயிலுக்கு இளகிடும். நம்மகிட்ட சம்மர் டயர் இருக்கு, பாரின் ரப்பர் கம்பவுண்டு. யூரோப்ல எஸ்யூவிக்கெல்லாம் இதான் போடறாங்க"ன்னான். வெளிய நல்ல வெயில். சம்மர்னு சொன்னதும் மனசு சரிதானேன்னு தலையாட்டிருச்சு. டயர் பக்கவாட்டுல 'டிரெட்வேர் 500'னு இருந்ததைத் தொட்டுக் காட்டி, "ஐநூறுன்னா அம்பதாயிரம் கிலோமீட்டர் கியாரண்டி சார்"னான். ஒரு டயர் 13,300. பில் வேணாம்னா தலைக்கு ஐநூறு கம்மி.

பில் வேணாம்னேன். இந்தக் கதையில என் பங்குத் தப்பு அதுதான். மறைக்கப் போறதில்லை.

வண்டியை உள்ள விட்டுட்டு என்னை ஏசி ரூமுக்கு அனுப்பினாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா நாலு டயரும் கறுப்பு பாலிஷ்ல முகம் பார்க்கிற மாதிரி மின்னுது. கையில கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. '235/65 ஆர் 17 டயர் - 4', அவ்வளவுதான். கம்பெனி பேர் கூட இல்லை. நைட்ரஜன் காத்துன்னு தனியா 400 ரூபாய் வேற. நாம மூச்சு விடற காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அது தெரிஞ்சும் கொடுத்தேன், அன்னிக்கு அப்படி ஒரு மயக்கம்.

அடுத்த ஆறு மாசம் எனக்கு ரொம்ப சந்தோஷம். வாரா வாரம் வேலையா கோயமுத்தூர் போய் வரேன், 11,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஆழம் பார்க்கிற கேஜ் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். புதுசுல 8 மில்லிமீட்டர் இருந்தது இன்னும் 7 இருக்கு! பழைய கம்பெனி டயர் இதே தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேலயே தேஞ்சிருந்துச்சு. "பாரு, தேயவே மாட்டேங்குது, சம்மர் டயர்னா சும்மாவா"ன்னு வீட்டுல பெருமை வேற. ரோட்டுல சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, பள்ளத்துல விழுந்தா தூக்கித்தான் போடும். பெரிய வண்டின்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்.

அக்டோபர்ல ஒரு சாயங்காலம், கோயமுத்தூர்ல இருந்து திரும்பி வரோம். அவிநாசி தாண்டினதும் மழை பிடிச்சிருச்சு. விஜயமங்கலம் டோல்கேட்டுக்கு முன்னாடி வண்டிங்க வரிசையா நிக்குது. நான் அறுபதுலதான் வரேன், தூரத்துலயே பிரேக் மிதிச்சுட்டேன். காலுக்கடியில ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற சிஸ்டம்) கடகடன்னு அடிக்குது, வண்டி மட்டும் நிக்கவே மாட்டேங்குது. எண்ணெய் தடவின தரையில போற மாதிரி வழுக்கிட்டே போகுது. முன்னாடி ஒரு தேங்காய் லாரி. அதோட பின்பக்கச் சங்கிலி என் பானெட்டுக்கு மேல ஆடற அளவுக்குப் போய்த்தான் நின்னுச்சு. பக்கத்து சீட்டுல இருந்து "ஏங்க..."ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. பெருந்துறை வரைக்கும் வேற பேச்சே இல்லை.

பெருந்துறை தாண்டி ஒரு பஞ்சர் கடையில நிறுத்தினேன். காத்து கம்மியா இருக்கும்னு நினைப்பு. கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். காத்து பார்த்தார், சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் கட்டை விரல் நகத்தைப் பட்டன்ல வச்சு அழுத்தினார். அப்படியே பக்கத்துல இருந்த ஒரு புது டயர்லயும் அழுத்திக் காட்டினார். அதுல நகம் லேசா இறங்கி ஒரு கோடு விழுந்துச்சு. என்னுதுல ஒண்ணுமே இல்லை.

"தம்பி, இது எப்ப போட்டது?"

"ஆறு மாசம்தாண்ணே ஆச்சு."

அவர் பதில் சொல்லலை. சாக்கை விரிச்சு, செல்போன் லைட்டோட வண்டிக்கு அடியில போயிட்டார். உள்பக்கம் ஒட்டியிருந்த சேத்தைத் துடைச்சுட்டு, "மூணு அஞ்சு ஒண்ணு ஒம்பது"ன்னு அங்கிருந்தே கத்தினார்.

3519. டயர்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசியில ஓவல் வடிவக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2019-ல 35-வது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. நான் 'புது' டயர் வாங்கினப்பவே அதுக்கு வயசு நாலரையைத் தாண்டியாச்சு. மத்த மூணையும் பார்த்தோம். 3519, 4719, 0921. நாலுக்கும் மூணு பிறந்த தேதி.

முழு தேதி பல டயர்ல ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கம் டிஓடி வரிசை இருந்தாலும் அந்த நாலு எண் இருக்காது. என் நாலு டயர்லயும் தேதி இருக்கிற பக்கத்தை உள்ள வச்சு மாட்டியிருந்தாங்க. வேணும்னே செஞ்சாங்கன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா நாலுலயும் அப்படியா?

அதோட நிக்கலை. பாலிஷ் எல்லாம் போன பிறகு உத்துப் பார்த்தா, பக்கவாட்டுல தலைமுடி மாதிரி மெல்லிசா வெடிப்பு. பாரின் கம்பவுண்டுன்னு சொன்ன டயர்ல 'மேட் இன் இந்தியா', ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 15633. அது ஒண்ணும் கெட்டது இல்லை, நம்ம ஊர்ல விக்கிற கார் டயருக்கு அந்த முத்திரை இருந்தே ஆகணும். 2020 ஜூன்ல இருந்து டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு இருக்கு, பாரின் சரக்கு நினைச்சபடி வந்து இறங்காது. அதனால யாராவது 'பாரின்'னு சொன்னா முதல்ல தேதியைப் பாருங்க. உச்சக்கட்டக் காமெடி என்னன்னா, சம்மர் டயர்னு வித்ததுல 'எம் பிளஸ் எஸ்'னு அச்சு. மட் அண்ட் ஸ்னோ. சேறும் பனியும்! லோடு இன்டெக்ஸ் 104, அதாவது டயருக்கு 900 கிலோ. ஏறக்குறைய 1.7 டன் வண்டிக்கு அது தாராளம். அதுலயாவது ஏமாத்தலை.

ஸ்டட்கார்ட்ல இருக்கிற பெரியப்பா பையனுக்கு அன்னிக்கு ராத்திரியே போட்டோ அனுப்பினேன். சிரிச்சு முடிக்கவே அவனுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. "டேய், சம்மர் டயர்ங்கறது இங்க குளிருக்குப் போடற டயருக்கு எதிர்ப்பதம்டா. 7 டிகிரிக்குக் கீழ போனா அந்த ரப்பர் விறைச்சுக்கும், அதனால அக்டோபர்ல கழட்டிட்டு விண்டர் டயர் மாட்டுவோம், ஈஸ்டருக்கு மறுபடி மாத்துவோம். சேலத்துல 7 டிகிரியை எப்படா பார்த்திருக்க?" எம் பிளஸ் எஸ் அச்சைப் பத்தியும் கேட்டேன். ஜெர்மனியில அதை மட்டும் வச்சு விண்டர் டயர்னு 2024 அக்டோபர்ல இருந்து ஒத்துக்கிறதே இல்லையாம். மலையும் பனிச்செதிலும் (ஸ்னோஃபிளேக்) போட்ட முத்திரை வேணுமாம்.

நம்ம ஊர்க் கடையில 'சம்மர் டயர்'னு தனியா ஒரு சாமானுக்கு வேலையே இல்லை. இங்க விக்கிறதுல பெரும்பாலானது வெயிலுக்கும் மழைக்கும் செஞ்ச ரப்பர்தான். ஊட்டியில ஜனவரி ராத்திரி உறைபனி விழுந்தாலும் அதே டயர்தான் ஓடுது. அந்தப் பேருக்காக ஒரு ரூபாய் கூட ஜாஸ்தி கொடுக்காதீங்க.

எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆன விஷயம் தேய்மானம். தேயலைன்னு நான் பெருமைப்பட்டேனே, அதுதான் வியாதியே. ரப்பர் காத்துலயும் சூட்டுலயும் வருஷக்கணக்கா இருந்தா உள்ள இருக்கிற எண்ணெய்ப் பசை குறைஞ்சு இறுகிடும். தகரக் கூரை குடோன்ல நாலு கோடையைப் பார்த்த டயர்னா கேக்கவே வேணாம். இறுகின ரப்பர் மெதுவாத்தான் தேயும், ஆனா ஈர ரோட்டைக் கவ்வாது. பிடிப்பும் ஆயுசும் தராசோட ரெண்டு தட்டு. நல்ல கம்பெனிக்காரன் ரெண்டையும் முடிஞ்ச அளவு சமமா நிறுத்தப் பார்ப்பான். எஸ்யூவியில இது இன்னும் மோசம், ஏன்னா எடை ஜாஸ்தி, உயரமும் ஜாஸ்தி. பிரேக் போட்டா பாரத்துல பெரும்பகுதி முன் டயர் மேல சாயுது. ஹாரியர் மாதிரி முன் சக்கரம் இழுக்கிற டீசல் வண்டியில இழுக்கிறது, திருப்பறது, நிறுத்தறதுல பெரும்பங்கு எல்லாம் அந்த ரெண்டு தலையிலதான். அதனாலதான் 10,000-க்கு ஒரு தடவை முன்னையும் பின்னையும் மாத்திப் போடச் சொல்றாங்க.

டிரெட்வேர் 500 சமாச்சாரமும் புருடா. அது அமெரிக்கக் கணக்கு. டெக்சஸ்ல 7,200 மைல் ஓட்டி, ஒரு மாதிரி டயரை 100-னு வச்சு அதோட ஒப்பிட்டுச் சொல்றது. எண்ணைப் போடறது டயர் கம்பெனியேதான். ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிட வேணா உதவும். கிலோமீட்டர் கியாரண்டி எல்லாம் கிடையாது.

மறுநாள் கடைக்குப் போனேன். 'சார் சார்'னு பேசின பையன் லீவாம். ஓனர் அசரவே இல்லை. "ரப்பர் காஞ்சாத்தான் சார் மைலேஜ் வரும். பழைய அரிசி மாதிரி, பழசானாத்தான் மவுசு"ன்னார். அடப்பாவி, பழைய அரிசி பிரேக் பிடிக்குமா? கொஞ்சம் சத்தம் போட்டதும் இறங்கி வந்து, ரெண்டு டயரை மட்டும் மாத்தித் தரேன், மேல நாலாயிரம் நாலாயிரம் கொடுங்கன்னார். எந்திரிச்சு வந்துட்டேன்.

டயர் கம்பெனியோட டீலர்கிட்ட போனப்ப முதல் கேள்வியே "இன்வாய்ஸ் இருக்கா?" அங்க ரப்பரோட கடினம் பார்க்கிற ஒரு சின்ன மீட்டர் வச்சிருக்காங்க. ஊசியை என் டயர்ல குத்தினா 77. கடையில இருந்த அதே சைஸ் புது டயர்ல 64. அந்தத் தேங்காய் லாரி ஞாபகம்தான் வந்துச்சு. பில் இல்லாததால வாரண்டி பத்திப் பேச்சே எடுக்க முடியலை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் கொடுத்தேன். வாங்கினதுக்கு ஆதாரம் கேட்டாங்க. என்கிட்ட இருந்தது ஓனரோட மச்சான் பேர்ல போன ஜிபே ரசீதும், கடை பேரே இல்லாத அந்தச் சீட்டும்தான். கடைக்காரர், அந்தப் பணம் கைமாத்துன்னு சொல்லிட்டார். பில் கையில இருந்திருந்தா நேரா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போயிருப்பேன். அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்கிற வழக்குக்குக் கட்டணம் கூட இல்லை. அப்ப டயருக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதை மிச்சம் பிடிக்கறதா நினைச்சுத்தான் பல பேர் இப்படி மாட்டிக்கிறோம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆயிருச்சு. இனி பில் இல்லாம வாங்க அந்தச் சாக்கும் வேணாம்.

நவம்பர்ல வேற கடையில புதுசு போட்டேன். ஏசி ரூமுக்குப் போகலை. டயரை மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி நாலையும் தரையில படுக்க வச்சு, தேதியைப் படிச்சு, போட்டோ எடுத்து, அதே எண்களைப் பில்லுலயும் எழுத வச்சேன். மாட்டறப்ப தேதி வெளிப்பக்கம் வரட்டும்னேன். வெளிப்பக்கம் இதுதான்னு டயர்லயே குறிச்சிருந்தா அப்படி மாத்த முடியாது, அப்ப போட்டோதான் சாட்சி. கடைக்காரர் முகம் சுளிச்சார். சுளிக்கட்டும். அலைன்மென்ட் பார்த்த பேப்பரையும் கையோட வாங்கிட்டேன்.

பழைய நாலும் இப்ப வீட்டுக் கொல்லையில கிடக்கு. எடுத்துக்கறேன், தலைக்கு எழுநூறு தரேன்னு ரெண்டு பேர் வந்தாங்க. பாலிஷ் போட்டா அது மறுபடி எந்தக் கடை வாசல்ல நிக்கும்னு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு கார்பென்டர்கிட்ட டிரில் மெஷினை வாங்கி, ஒவ்வொண்ணுலயும் பக்கவாட்டுல ஆறு ஓட்டை போட்டுட்டேன்.