"காதை நம்புங்க" என்று சொல்லி அம்ப் விற்கிறாங்க, கவனம்

மட்டக்களப்பில் ஒரு கடையில் அண்மையில் நடந்த வியாபாரம் இது. கடைப் பெயரை எழுதவில்லை. விற்ற முறையைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் தப்பிக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் திருத்தக் கொண்டுபோனது பழைய ஜப்பான் அம்ப், அதாவது பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற அம்ப்ளிபயர். இடப்பக்கச் சத்தம் மெலிந்து கரகரக்கும், வொலியூமைக் கூட்டினால் திடீரென்று முழுதாக வந்துவிடும். "ஐசி போயித்து அண்ணே, இனி இதுக்குச் சாமான் எடுக்க ஏலா" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த புது அம்பைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "மீட்டர் கணக்கெல்லாம் என்னத்துக்கு, உங்கட காதை நம்புங்க." புதியது உண்மையிலேயே நன்றாகக் கேட்டது. 85,000 ரூபாயும் பழைய அம்பும் கைமாறின. வீட்டில் ஒரு கிழமைக்குள், கொஞ்சம் கூட்டினாலே பாட்டு உடையத் தொடங்கிவிட்டது.

முதலில் அந்தப் பழைய அம்பைப் பற்றி. கூட்டினால் சத்தம் திரும்பி வருகிறது என்றால் ஐசி போகவில்லை. பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேயின், அதாவது ஸ்பீக்கரை அம்போடு இணைக்கிற தானியங்கிச் சுவிட்சின், முனைகள் கறுத்திருக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கரையோரம் முழுக்க உப்புக் காற்று, இந்தப் பழுது இங்கே சாதாரணம். குறைந்த சத்தத்தில் அந்தக் கறுப்புப் படையைத் தாண்ட வோல்ட் போதாது, கூட்டும்போது தாண்டிவிடும். ரிலே மூடியைக் கழற்றி, தடித்த வெள்ளைத் தாள் துண்டில் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, முனைகளுக்கிடையில் வைத்து அழுத்தி இழுத்தால் தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரைக்கும் இழுங்கள். அரத்தாள் மட்டும் போடாதீர்கள், மேற்பூச்சு போய்விடும். அதன் பிறகும் சரிவராவிட்டால் அதே வோல்ட், அதே கால் அமைப்பில் புது ரிலே போடலாம், பெரிய செலவில்லை. பிளக்கைக் கழற்றி, பெரிய கப்பாசிட்டர்களில் வோல்ட் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

இனி புதியது. முகப்பில் 1000 வோட் என்று ஒட்டியிருக்கிறது. பின்னால் இருக்கிற பியூஸ் 2 அம்பியர். 230 வோல்ட்டில் அது தொடர்ந்து தாங்குவது 460 வோட், அதுவும் சுவரிலிருந்து இழுப்பது. பாதி சூடாகப் போகும். உள்ளே 24-0-24 டிரான்ஸ்போமர். 8 ஓம் சுமையில், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தொடங்குவதற்குச் சற்று முன் அளந்தால் 18 வோல்ட். 18ஐ 18ஆல் பெருக்கி 8ஆல் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 40 வோட். பாட்டு உடைந்தது இதனால்தான். அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் சி5200, ஏ1943 என்று அடித்திருக்கிறது. ஒன்றை உடைத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த சிலிக்கன் சில்லு மிகச் சின்னது. 15 அம்பியர் தாங்கும் அசல் பொருளின் சில்லு அப்படி இராது.

அப்படியென்றால் கடையில் ஏன் நன்றாகக் கேட்டது? ஒன்று, ஒப்பிட்டது பழுதான அம்போடு. இரண்டு, டோன் குமிழை நடுவில் வைத்தாலும் இதில் பேஸ் கூடியே இருக்கிறது: 300 ஹேர்ட்ஸில் 2 வோல்ட் தரும் நிலையில் 60 ஹேர்ட்ஸில் 3.1 வோல்ட், கிட்டத்தட்ட 4 டெசிபல் அதிகம். மூன்று, இரண்டின் சத்தத்தையும் யாரும் சமப்படுத்தவில்லை. 1 டெசிபல் கூடினாலே அது "சத்தம் கூட" என்று காதுக்குப் படாது, "தெளிவு கூட" என்றுதான் படும். காது பொய் சொல்லவில்லை, அதற்குக் கொடுத்த கேள்விதான் பிழை.

ஒழுங்கான இரண்டு அம்ப், உடையாத அளவில், சமமான சத்தத்தில் ஓடினால் வித்தியாசம் பிடிப்பது மிகக் கடினம். அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் என்பவர், எந்த அம்ப் ஓடுகிறது என்று 12க்கு 12 சரியாக இரண்டு தடவை சொன்னால் 10,000 டொலர் என்று பல ஆண்டுகள் சவால் விட்டிருந்தார். எவரும் அதை வெல்லவில்லை. வால்வ் அம்ப், இரைச்சல் உள்ள அம்ப், பலம் போதாத அம்ப் இவற்றில் வித்தியாசம் கேட்கலாம். அவற்றுக்குக் காரணமும் உண்டு, அளக்கவும் முடியும்.

உங்கள் காதை நீங்களே சோதிக்கலாம். போனில் டொல்பி, ஈகுவலைசர் எல்லாவற்றையும் நிறுத்தி 100 ஹேர்ட்ஸ் டோன் போடுங்கள். மீட்டரை ஏசியில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் ஒவ்வொரு அம்புக்கும் 2.00 வோல்ட் வரச் செய்யுங்கள், 0.02க்கு மேல் வித்தியாசம் ஆகாது. பிறகு 50, 300 ஹேர்ட்ஸிலும் பாருங்கள். அங்கே விலகினால் உள்ளே டோன் வேலை நடக்கிறது. மலிவு மீட்டரை 400 ஹேர்ட்ஸுக்கு மேல் நம்ப வேண்டாம். மாற்றுவதற்கு ஆறு கால் சுவிட்ச் போட்டு ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் மாற்றுங்கள். சின்ன டிஜிட்டல் அம்ப்கள் பலவற்றில் மைனஸ் முனையும் அவுட்புட்தான், இரண்டு அம்பின் மைனஸையும் ஒன்றாக இணைத்தால் அம்ப் எரியலாம். இன்னொருவர் நாணயம் சுண்டி மாற்ற, நீங்கள் முதுகு காட்டி இருந்து எந்த அம்ப் என்று 16 தடவை சொல்லுங்கள். 12 சரியென்றால் உங்கள் காதை நம்பலாம். 9, 10 என்பது குருட்டு அதிர்ஷ்டத்திலும் வரும்.

கடையில் இவ்வளவும் செய்ய விடமாட்டார்கள். பியூஸ் அளவைப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள். 1000 வோட் என்கிற பெட்டியை ஒரு கையால் லேசாகத் தூக்க முடிந்தால், உள்ளே மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை என்ன வகை என்று கேளுங்கள். டிஜிட்டல் அம்ப் என்றால் பாரம் குறையலாம், இல்லையென்றால் விடுங்கள். பில்லில் "8 ஓமில் ஒரு பக்கத்துக்கு இத்தனை வோட் ஆர்எம்எஸ், இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆர்எம்எஸ் என்பது தொடர்ந்து தரக்கூடிய அளவு. ஒரு கணத்து உச்சத்தை வைத்துப் பெரிதாகக் காட்டுகிற பிஎம்பிஓ கணக்கு வேண்டாம். எழுதிய பில் கையில் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில், முறையிடலாம். மேலே சொன்ன வாடிக்கையாளரின் பில்லில் "அம்ப் 1" என்று மட்டும்தான் இருக்கிறது.