அரசு அட்டையா, தனியார் பாலிசியா: டெல்டா வீட்டுக்கு எது கைகொடுக்கும்?

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாலும் அலமாரியில் ஒரு மாத்திரை டப்பா கண்ணில் படும். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, முட்டி வலிக்கு ஒன்று. நாற்று நட்டும் களை பறித்தும் குனிந்தே கழித்த முதுகுக்குத் தைலம். வயல் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம், வரப்பில் நடக்கிறவர்களுக்குக் கண்ணாடிவிரியன் பயம். இவற்றையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் "காப்பீட்டு அட்டை போதுமா, பாலிசியும் போடணுமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு வழியிலும் எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி வாசல் ஏறியிருக்கிறோம். அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அட்டை. கலைஞர் காப்பீடு என்ற பெயரில் 2009இல் வந்தது, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது, நாம் ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம்.

இந்த அட்டையின் பெரிய பலம், பழைய வியாதியைக் காட்டி ஆளைத் தள்ளி வைப்பதில்லை. இருபது வருடம் சர்க்கரை இருந்தாலும் சரி, நேற்றுதான் அட்டை கிடைத்தது என்றாலும் சரி, பட்டியலில் உள்ள சிகிச்சை என்றால் உண்டு. அம்மாவுக்கு நெஞ்சு அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோது சிகிச்சைக்கு எங்கள் கையிலிருந்து பணம் போகவில்லை. ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு. சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் போகிறவர்களுக்கும் இந்த அட்டைதான் கை கொடுக்கிறது. அந்தச் செலவை மாதாமாதம் சொந்தக் காசில் தாங்க ஒரு விவசாயக் குடும்பத்தால் முடியவே முடியாது.

குறையும் உண்டு. அம்மாவை முதலில் கொண்டுபோன தனியார் ஆஸ்பத்திரி வாசலில் திட்டத்தின் போர்டு இருந்தது. உள்ளே போய் ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகுதான், "எங்களுக்கு எலும்புக்கு மட்டும்தான் அனுமதி, இருதயத்துக்கு இல்லை" என்றார்கள். அரை நாள் போனது. ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, நமக்கு வேண்டிய பிரிவும் திட்டத்தில் இருக்க வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்பே கேட்டிருந்தால் அந்த அரை நாள் மிச்சம். இன்னொன்று, அட்டைக்குப் பொது வார்டுதான். தனி அறை எதிர்பார்க்கக் கூடாது.

அப்புறம் பாலிசி. வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு, அதாவது கடை வைத்திருப்பவர், பிள்ளை வெளிநாட்டில் சம்பாதிப்பவர் போன்றவர்களுக்கு, பெரும்பாலும் இதுதான் வழி. கையில் பணம் கட்டாமல் பாலிசி செல்லும் ஆஸ்பத்திரிகளும் அதிகம், அறையும் நம் விருப்பம். ஆனால் காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது, அது முடியும் வரை அந்தச் செலவுக்குப் பாலிசி பணம் தராது. விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர், அவற்றால் வரும் தொல்லைகள் என்றால் 3 வருடம் வரை. முன்பு 4 வருடமாக இருந்ததை 2024இல் குறைத்தார்கள். அதே வருடம் இத்தனை வயதுக்கு மேல் புதுப் பாலிசி கிடையாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை.

அத்தானின் பில்லை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். பைக்கில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பாலிசி 5 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், நாளுக்கு 5,000 ரூபாய். ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் அறைதான் காலி என்றார்கள். "ஒரு நாளைக்கு 3,000 தானே, நான்கு நாளைக்கு 12,000, கட்டிக்கொள்ளலாம்" என்று அக்கா சரி சொல்லிவிட்டாள். பில் 2,40,000. அறைக்கு 32,000, டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸ் எல்லாம் சேர்த்து 1,28,000, மருந்து, பிளேட், எக்ஸ்ரே 73,000, கையுறை, முகக்கவசம் போன்ற சில்லறைச் சாமான் 7,000. அறையில் 12,000 கழியும் என்று நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் வரம்பு 5,000, எடுத்த அறை 8,000 என்பதால், அதே விகிதத்தில் டாக்டர், தியேட்டர் கட்டணத்திலும் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 80,000 மட்டும்தான் கம்பெனி கொடுத்தது. 48,000 அங்கே போனது. சில்லறைச் சாமான் 7,000 கணக்கிலேயே வராது. மொத்தம் 67,000 கையை விட்டுப் போனது. மருந்து, பிளேட், பரிசோதனை இவற்றில் இந்த விகிதக் கழிவு செய்யக் கூடாது என்று விதி இருப்பதால் அந்த 73,000 தப்பியது. அக்கா அன்றைக்கு டிஸ்சார்ஜ் கவுண்டரிலேயே வளையலைக் கழற்றினாள்.

அதனால் பாலிசி எடுக்கப் போகிறவர்கள் பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அறை வாடகை வரம்பு உண்டா என்று கேளுங்கள். வரம்பு இல்லாத பாலிசி கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் என் கணக்கில் அதுதான் மலிவு. இரண்டாவது, படிவத்தில் சர்க்கரை இருப்பதை எழுதுங்கள். "எழுதினால் பிரீமியம் ஏறும், விடுங்க அண்ணே" என்று சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். மறைத்தது தெரிந்தால், க்ளெய்ம் நிற்கும் நேரத்தில் அந்த ஏஜென்ட் பக்கத்தில் இருக்கமாட்டார். தொடர்ந்து 5 வருடம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி இருந்தால் ஒழிய, மறைத்ததைச் சொல்லி மறுக்க முடியாது. ஆனால் அந்த 5 வருடத்துக்குள் அல்லவா ஆபத்து?

அட்டையும் பாலிசியும் ஒரே இடத்தில் கைவிரிக்கின்றன. மாதாமாத மாத்திரை, ரத்தப் பரிசோதனை, காலில் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, படுக்கையில் சேராமல் பார்க்கும் வைத்தியம் இவற்றுக்கு அட்டை கிடையாது, சாதாரணப் பாலிசியும் தராது. நம் பக்கத்து வியாதிகளோ பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் வரும் நாளில் அம்மா வாசலில் காத்திருப்பாள். மாத்திரை விடாமல் ஓடினால் ஸ்டென்ட்டும் டயாலிசிஸும் வராமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

பாம்புக் கடிக்கு அட்டையும் வேண்டாம், பாலிசியும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கண்ணாடிவிரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கட்டுப் போட்டு மந்திரிக்கிற நேரம்தான் உயிரைக் குடிக்கிறது.

என் முடிவு இது. வரம்புக்குள் இருக்கும் குடும்பம் முதலில் அட்டையைச் சரிபார்க்கட்டும். புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை இவர்கள் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பெயர் இல்லாமல் அவசரத்தில் போய் நிற்பது பெரிய வேதனை. வரம்பைத் தாண்டியவர்கள் நாற்பது வயதுக்கு முன்னால், சர்க்கரை வருவதற்கு முன்னால் பாலிசி எடுக்கட்டும்.

எடுக்கும் மாதமும் முக்கியம். பாலிசி எடுத்த தேதியில்தான் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். தவறினால் 30 நாள் அவகாசம், அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நம் தலையில். அதையும் தாண்டினால் காத்திருந்த வருடங்கள் எல்லாம் வீண். ஆடியில் கையில் காசு இருக்காது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறும் மாசியில்தான் நான் என் பாலிசியைத் தொடங்கினேன். இது நான்காவது மாசி.